கன்னியப்பனின் விளக்குச் சொல்தா

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் அவன் என்னதான் செய்வான்? கன்னியப்பன் வாந்தி எடுத்தான். கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் எடுத்தான், தாண்டிய பிறகும் எடுத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போனபிறகு சும்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். மீன் பிடிக்கப் போனவன் மீனுக்குச் சோறு போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று கரையில் பெண்கள் சிரித்தார்கள். பிற்காலத்தில் கன்னியப்பன் இந்தக் கதையை எடுத்தால் அந்த வரியைத் தானே முதலில் சொல்லிவிடுவான். எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள், அதை நாமே ஆரம்பித்து வைத்தால் என்ன என்று நினைப்பான்.

அப்படிக் கரையேறியவன் புதுச்சேரி டவுனுக்கு வந்து, ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் ஒட்டிக்கொண்டு, கரண்டு வேலை கற்றான். கரண்டு அவனை இரண்டு தடவை தூக்கி எறிந்தது என்றாலும் குமட்டவைக்கவில்லை. அதனால் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டான். எழுபதுகளின் கடைசியில் கோயில் திருவிழா, கட்சி மாநாடு எல்லாவற்றிலும் சீரியல் செட் வந்துவிட்டது. தெருமுனையில் பெரிய சட்டம் நிற்கும், அதில் விளக்காலேயே மயில் தோகை விரிக்கும், தாமரை பூக்கும். கன்னியப்பன் மயிலும் செய்தான், தாமரையும் செய்தான். ஆனால் அவனுக்குப் பைத்தியமெல்லாம் மனுஷ உருவத்தின் மேல்தான்.

அவன் வேலை செய்யும் விதம் இதுதான். ஒட்டுப்பலகையில் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு பெரிதாக ஓர் உடம்பை வரைவான். வரைந்த கோட்டின் மேல் துளைகள் போட்டு டார்ச் பல்புகளைச் செருகுவான். அது உடம்பு, சட்டை எது வந்தாலும் கூடவே எரிந்துகொண்டிருக்கும். அந்த உடம்பின் மேலேயே இன்னொரு வரிசை பல்பு, வேறு கலரில். அதன் மேலே இன்னொன்று. இந்த வரிசைகளுக்கு அவன் வைத்த பெயர் சட்டை. கை தொங்குவது ஒரு சட்டை, கை பாதி தூக்கியது ஒரு சட்டை, முழுக்கத் தூக்கியது ஒரு சட்டை. பலகைக்குப் பின்னால் மோட்டார் ஒன்று பெல்ட்டை இழுத்து ஒரு மர உருளையைச் சுழற்றும். உருளையில் ஒட்டிய செப்புத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்தச் சட்டை எரியும். உருளை சுற்றச் சுற்ற ஒரே உடம்பு சட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். பார்க்கிறவன் கண்ணுக்கு ஆள் அசைகிற மாதிரி இருக்கும். உடம்பு ஒன்றுதான், மேலே போடுவதில்தான் உயிர் இருக்கிறது என்பான் கன்னியப்பன். இதைச் சொல்லும்போது அவன் போட்டிருக்கும் சட்டையில் முக்கால்வாசி பித்தான் இருக்காது.

இப்படி ஊருக்கெல்லாம் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன வீட்டிலெல்லாம் முதல் கேள்வியே, "புள்ள எந்த மரத்துல போவுது?" என்பதுதான். கடலுக்குப் போகாத மாப்பிள்ளையை எந்தக் குப்பத்தில் கொண்டாடப்போகிறார்கள்? அவன் அக்கா கமலா மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், வாய் உள்ளவள். அவளே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். தம்பிக்குக் கரண்டு மேல் ஆசை, அதனால்தான் கடலை விட்டான் என்பாள். வாந்தி விஷயத்தை மட்டும் மூச்சுவிடமாட்டாள்.

"நீ வாயத் தொறக்காத. தொறந்தா ஒண்ணு வாந்தி, இல்லன்னா உண்மை. ரெண்டும் நமக்கு வேணாம்" என்று தம்பியையும் கட்டிப்போட்டிருந்தாள்.

அந்தக் கமலாதான் வைத்திக்குப்பத்தில் சொல்தா பாலகுரு வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போடுகிறவள். புதுச்சேரியில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பண்ணினவர். பாலகுருவும் வலை இழுத்த குடும்பம்தான். வாலிபத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி, வியட்நாமில் சைகோன் பக்கமெல்லாம் சண்டை பார்த்து, மார்பு நிறைய மெடலோடு திரும்பியவர். திரும்பி எத்தனையோ காலம் ஆகியும் அவர் இன்னும் திரும்பவில்லை என்றுதான் தெருவில் சொல்வார்கள். காலையில் கோட்டுப் போட்டுத்தான் பால் வாங்கப் போவார். பேச்சுக்கு முன்னால் "அப்படியானால்" என்கிற பிரெஞ்சு "அலோர்", பின்னால் "அவ்வளவுதான்" என்கிற "வுவாலா". வீட்டில் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பேசித்தான் பழக்கம்.

அவர் மகள் தனம். சொல்தாக்கள் சங்கத்துத் திருவிழாவுக்கு விளக்குக் கட்டப் போன இடத்தில் கன்னியப்பன் அவளைப் பார்த்தான். ஏணியில் நின்றவன் அவளைப் பார்த்துக்கொண்டே ஒயரின் இரண்டு முனையையும் தொட்டுவிட்டான். தெருவே இருண்டுபோயிற்று. இருட்டில் அவள் குரல் மட்டும், அப்பாவிடம் கற்ற பிரெஞ்சு மரியாதையோடு கேட்டது.

"என்னா முசே, வெளக்கு போட வந்தீங்களா, அணைக்க வந்தீங்களா?"

அன்றைக்கே தீர்ந்தது அவன் கதை.

கமலா போய்ப் பெண் கேட்டாள். பாலகுரு சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. சொல்தா வீட்டுப் பெண் என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கட்டிக்கொள்கிறவனுக்குப் பாரீசுக்கு வழி திறக்கும். அதற்காகவே ஊரில் பல பையன்கள் சொல்தா வீட்டு வாசலில் தவம் கிடந்தார்கள். தனத்தைக் கேட்டு வந்தவன் ஒவ்வொருவனும் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டவன்தான்.

"உன் தம்பியும் கப்பல் டிக்கெட்டுக்குத்தான் வர்றான். அலோர், அவனுக்கு ஒரு வேலை குடுக்கறேன். எப்படிச் செய்றான்னு பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

வேலை என்னவென்றால், ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். அதற்கு முந்தின சாயங்காலம் சொல்தாக்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு, கையில் கலர்க் காகித விளக்கோடு டவுனில் ஊர்வலம் போவார்கள். அந்த ஊர்வலம் திரும்புகிற தெருமுனையில் இந்த வருஷம் ஒரு சீரியல் செட் நிற்கவேண்டும். அதில் வேட்டி கட்டிய ஒரு குப்பத்துப் பையன் பட்டாளத்து உடுப்பு மாட்டி, மெடல் வாங்கி, சல்யூட் அடிக்கவேண்டும்.

கன்னியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் ஆயுசு முழுக்கக் கற்ற வேலையே சட்டை மாற்றுவதுதானே! இதில் ஜெயித்தால் தனம், தோற்றால் மயிலும் தாமரையும்தான் கடைசிவரைக்கும் துணை.

உடுப்பைப் பார்த்து வரைய அவன் பாலகுரு வீட்டுக்குப் போனான். பாலகுருவின் மனைவி தில்லையம்மாள் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதிகம் பேசாத அம்மாள். கோட்டைக் கொடுக்கும்போது காலரை ஒருமுறை தடவிக் கொடுத்தாள், அவ்வளவுதான். மடிப்பு எங்கே, பித்தான் எங்கே என்று தனம்தான் காட்டினாள்.

"சல்யூட் எந்தக் கையில அடிக்கறதுன்னு தெரியும்ல?"

"நல்லா கேட்டீங்க போங்க. இதுகூடத் தெரியாமயா?" என்றான் கன்னியப்பன். தெரியாதா பின்னே? வலது கை. சோறு தின்கிற கை.

உடுப்பு கிடைத்தது, ஆனால் போட்டுக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமே. பாலகுருவை நிற்கச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் நண்பன் பக்கிரியின் சலூனுக்குப் போனான். அங்கே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் முன்னால் விறைத்து நின்று, வலது கையைத் தூக்கிச் சல்யூட் அடித்து, அடித்தபடியே கண்ணாடிக்குள் பார்த்துக் கவனித்துக்கொண்டான். கை எந்தப் பக்கம், முழங்கை எவ்வளவு மடங்குகிறது, விரல் புருவத்தை எங்கே தொடுகிறது, எல்லாம் கண்ணாடியில் கண்டபடி அப்படியே பலகையில் ஏற்றினான். பக்கிரி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, "தொப்பையை மட்டும் விட்டுடுடா, பட்டாளத்துல சேத்துக்கமாட்டான்" என்றான். கன்னியப்பனுக்கு மனசாட்சி உண்டு. பார்த்ததை வரைவதுதான் தொழில் என்று தொப்பையையும் வரைந்தான்.

கண்ணாடிக்குள் இருக்கிறவன் நமக்கு எதிரே நிற்கிறவன் இல்லை, நம்முடைய நிழல்தான் என்ற சின்ன விஷயம் அவன் மூளையில் ஏறவேயில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தபோதும் ஏறவில்லை, பின்னால் உட்கார்ந்து ஒயர் கட்டியபோதும் ஏறவில்லை. முன்னும் பின்னும் மாறி மாறி நகர்ந்ததில் அவனுக்கு எது இடம், எது வலம் என்பதே மறந்துபோயிற்று. ஓட்டிப் பார்த்தபோதுகூட, சல்யூட் அழகாக விழுகிறதே என்று சொக்கிப்போய் நின்றானே தவிர, கையைப் பார்க்கவில்லை.

ஜூலை பதின்மூன்று சாயங்காலம். தெருமுனையில் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியாயிற்று. ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு வந்தது. முன்வரிசையில் பாலகுரு, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டில். பின்னால் குடும்பங்கள், வேடிக்கை பார்க்கிற ஜனம். தில்லையம்மாளும் தனமும் கமலாவும் ஓரமாக நின்றார்கள். பாலகுரு கையைத் தூக்கி ஊர்வலத்தை நிறுத்தினார். கன்னியப்பன் பலகைக்குப் பின்னால் போய் சுவிட்சைப் போட்டான்.

முதலில் வெள்ளை வேட்டியில் ஒரு பையன் வந்தான். ஜனம் "ஆ" என்றது. வேட்டி போய் கால்சட்டை வந்தது. மஞ்சள் பல்பில் கோட்டு வந்தது, தொப்பி வந்தது. மார்பில் சிவப்பும் நீலமுமாக மெடல்கள் ஒன்றொன்றாகப் பூத்தன. கைதட்டல் பலகைக்குப் பின்னால் இருந்தவனுக்குக் கேட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்தது சல்யூட்.

கைதட்டல் நின்றுவிட்டது.

ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு ஒரு முரட்டுக் குரல்: "யோவ், எடது கையில சல்யூட்டு அடிக்கிறான்யா!"

கன்னியப்பன் பலகைக்கு முன்னால் ஓடிவந்து பார்த்தான். சாட்சாத் இடது கை. கழுவுகிற கையால் பிரெஞ்சு தேசத்துக்கே சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான் அவன் பெற்ற பிள்ளை. பாலகுருவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தான். மீசை மட்டும் துடித்தது.

பதறிய மனுஷனுக்கு மூளை எங்கே வேலை செய்கிறது? இடம் வலமாக மாறவேண்டும், அதற்கு உருளை எதிர்ப்பக்கம் சுற்றினால் போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. எப்படித் தோன்றியது என்று பிற்பாடு அவனையே கேட்டார்கள். "அந்த நேரத்துல என் தலைக்குள்ள பெல்ட் அறுந்து போச்சு" என்றான். பின்னால் ஓடி, மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிக் குறுக்கே திருப்பி மாட்டினான். சுவிட்சைப் போட்டான்.

உருளை எதிர்ப்பக்கம் சுற்றியது. சொல்தா அதே இடது கையில் சல்யூட் அடித்துக்கொண்டு தோன்றினான். கையை இறக்கினான். மார்பிலிருந்து மெடல்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. தொப்பி போயிற்று. கோட்டு போயிற்று.

"அடேய், கழட்டுறான்டா!"

தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. காகித விளக்குகள் குலுங்கின. பேண்டுக்காரன் ஒருவன் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். கால்சட்டை போய் வேட்டி வந்தது. அடுத்து என்ன கழன்று விழப்போகிறதோ என்று ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கமலா முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டாள். நல்ல வேளை, அந்த இடத்தில் சுற்று முடிந்து இருள் வந்து விளக்குச் சொல்தாவின் மானத்தைக் காப்பாற்றியது. பிறகு மறுபடியும் சல்யூட், மறுபடியும் கழற்றல்.

கன்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கடலில்தான் குமட்டும் என்று நினைத்திருந்தான், இப்போது தரையிலும் குமட்டியது. சுவிட்சை அணைக்கக் கை வரவில்லை. தனம் போயாயிற்று, தொழிலும் போயாயிற்று, இனி மிச்சம் இருப்பது கமலா அக்காவின் வாய் மட்டும்தான்.

அப்போது பலகையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பாலகுரு வந்தார், கைத்தடியோடு.

"கார்தவூ!" என்று அதட்டினார். பட்டாளத்தில் விறைத்து நிற்கச் சொல்கிற உத்தரவு. கன்னியப்பன் துள்ளி எழுந்து நின்றான். "கண்ணாடி பாத்து வரைஞ்சியாடா?"

"ஆமாங்க ஐயா."

"அதான் தொப்பையும் உன்னுதா இருக்கு! அணைடா அதை!"

"அணைக்காத, தம்பி."

சொன்னது தில்லையம்மாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளும் வந்திருந்தாள், பின்னாலேயே தனமும் கமலாவும். அந்த அம்மாள் நாலு பேர் நடுவில் குரலைத் தூக்கி யாரும் கேட்டதில்லை.

"இத்தினி வருசமா எல்லாரும் இவரு போனதைத்தான் பேசறாங்க. பேண்டு வாசிச்சாங்க, மாலை போட்டாங்க, கோட்டு மாட்டினாங்க. அது ஊருக்கே தெரியும். வந்த நாளு எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்படித்தான் வந்தாரு. வாசப்படியில உக்காந்து மெடலை ஒண்ணொண்ணாக் கழட்டி என் கையில குடுத்தாரு. தொப்பியக் குடுத்தாரு. கோட்டை நான்தான் வாங்கி ஆணியில மாட்டினேன். ஒரு வேட்டி குடுடின்னாரு. அன்னிக்குத்தான் எனக்குப் புருசன் வந்தான். மறுநாளு காலையில திரும்பவும் அந்தக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் நான் அந்த வேட்டியப் பாக்கறேன்."

அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற தனம்தான் மூக்கை உறிஞ்சினாள். பலகைக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கவேண்டும், சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. ஊர்வலத்தோடு வந்த சொல்தா வீட்டுப் பெண்கள் பலகைக்குக் கிட்டே வந்து நின்று, விளக்குச் சொல்தா கோட்டைக் கழற்றுவதைப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஆமாண்டி, இப்படித்தான்" என்றாள். இன்னொருத்தி வேட்டி வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் திரும்பாதவன்.

பாலகுரு தடியைத் தரையில் ஊன்றி, உருளை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். வேறு பேச்சுக்குத் தாவினால்தான் நிற்க முடியும் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

"அதெல்லாம் கிடக்கட்டும். நேராக் கேக்கறேன். பிரான்சுக்குப் போறதுக்குத்தானே என் பொண்ணைக் கேக்கற?"

கமலா பின்னாலிருந்து கண்ணால் ஆயிரம் ஜாடை காட்டினாள். வாயைத் திறக்காதே, திறக்காதே. ஆனால் எல்லாம் கப்பலேறிப் போனபிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா, நான் எங்கங்க போறது? பிள்ளைச்சாவடில அலை தாண்டறதுக்குள்ள வாந்தி எடுக்கறவன் நானு. அதனாலதான் கடலை விட்டேன். கரண்டு மேல ஆசைன்னு அக்கா சொன்னதெல்லாம் பொய்யி. கப்பல்னு எழுதியிருக்கற போர்டைப் பாத்தாலே எனக்குக் குடல் பொரளும். பிளேனுக்கும் குமட்டுமாமே. விழுப்புரம் பஸ்ஸுலயே எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுத்தான் போவேன்."

கமலா தலையில் அடித்துக்கொண்டாள். தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ராட்டினத்துலயாவது ஏறுவீங்களா?"

"அதுலயும் முடியாதுங்க" என்றான் கன்னியப்பன், சொல்லும்போதே செத்துப்போய்.

தில்லையம்மாள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து பாலகுரு பார்த்ததில்லை. சிரித்து முடித்து, கணவனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

"தனம், நான் கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மாதிரி நீ உக்கார வேணாம்டி. இந்தப் புள்ள எங்கயும் போவாது. சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடும்."

தனம் சரியென்று தலையை ஆட்டினாள். பாலகுரு ஏதோ சொல்ல வாயெடுத்து, "அலோர்..." என்று ஆரம்பித்தார். நின்றபடியே மார்பிலிருந்து ஒரு மெடலைக் கழற்றி, தில்லையம்மாள் நீட்டிய கையில் வைத்தார்.